கற்றவர் வீழ்ச்சியும் கள்வன் மீட்சியும்: செர்ஜியோ சொலிமாவின் ‘நேருக்கு நேர்’ – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அமெரிக்க மேற்குப் பகுதியைக் கதைக்களமாகக் கொண்டு இத்தாலிய இயக்குநர்கள் உருவாக்கிய படங்கள், 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உலகத் திரையரங்குகளில் பெருவழக்காக ஓடின. பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டின் வறண்ட நிலப்பகுதிகளில் எடுக்கப்பட்ட அவற்றை ‘ஸ்பகெட்டி வெஸ்டர்ன்’ என்று அழைத்தனர். எள்ளற்பெயராகத் தோன்றிய இது நாளடைவில் வகைமையின் பெயராகவே நிலைபெற்றது. பல நூறு எண்ணிக்கையில் வெளிவந்த இப்படங்களுள் மிகுதியானவை துப்பாக்கிச் சண்டையையும் பழிவாங்கலையும் மட்டுமே நம்பியவை. ஆதலால் கல்வியுலகம் இவற்றை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1981இல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் இவ்வகைமை குறித்து விரிவான நூலொன்றை வெளியிட்ட பின்னரே ஆங்கிலவழி ஆய்வாளர்களின் கவனம் இதன்பால் திரும்பியது எனலாம்.

அப்பெருந்தொகையுள் ஒரு படத்தை மட்டும் நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். செர்ஜியோ சொலிமா இயக்கி 1967இல் வெளிவந்த ‘ஃபாச்சா அ ஃபாச்சா’ என்பது அப்படம். தமிழில் இதனை ‘நேருக்கு நேர்’ எனலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘முகத்துக்கு முகம்’ என்று வரும். இதன் மையப் பாத்திரங்கள் இருவர். ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர். மற்றவன் கொள்ளையர் தலைவன். பேராசிரியர் படிப்படியாகக் கொடியவராகிறார். கொள்ளையன் படிப்படியாக மனச்சான்று உடையவனாகிறான். இவ்விரு மாற்றங்களையும் இத்தாலிய அறிவுலகின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மானுடவியல் துறைகளில் பணியாற்றும் நமக்கு இப்படம் எழுப்பும் வினா ஒன்று உண்டு. கல்வி மனிதரைப் பண்படுத்தும் என்று நாம் நாள்தோறும் வகுப்பறையில் கூறுகிறோம். அக்கூற்று எந்த அளவுக்கு உண்மை?

இயக்குநரும் காலமும்

சொலிமா 1921இல் ரோம் நகரில் பிறந்தவர், 2015இல் மறைந்தவர். முசோலினி ஆட்சியைக் கைப்பற்றியது 1922இல். பதவி இழந்தது 1943 ஜூலையில். ஆகவே, நினைவு தெரிந்த நாள்முதல் இருபத்திரண்டு வயது வரை சொலிமா அறிந்த ஆட்சி பாசிச ஆட்சி ஒன்றே. அவர் பயின்ற பள்ளியும் பாடநூலும், கண்ட ஊர்வலங்களும் அவ்வாட்சியின் நிழலில் அமைந்தவை. கற்றறிந்த ஆசிரியர் பலர் அவ்வாட்சிக்கு விளக்கவுரை எழுதியதைக் கண்டு வளர்ந்த தலைமுறை அது.

1966 முதல் 1968 வரை சொலிமா மூன்று மேற்குப் படங்களை இயக்கினார். மூன்றிலும் கியூபாவில் பிறந்த நடிகர் தோமஸ் மிலியான் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். முதலாவதும் மூன்றாவதும் ஓர் ஏழை மெக்சிக்கோ நாட்டுக் குடியானவனின் ஓட்டத்தைக் கூறுவன. இடையில் அமைந்த ‘நேருக்கு நேர்’ மட்டும் கற்றோர் பக்கம் திரும்புகிறது. இதன் திரைக்கதையைச் சொலிமாவும் செர்ஜியோ தொனாத்தியும் எழுதினர். இசை என்னியோ மொரிக்கோனே அமைத்தது.

பேராசிரியராக நடித்தவர் ஜியான் மரியா வொலோந்தே. செர்ஜியோ லியோனேயின் முதலிரு மேற்குப் படங்களிலும், அதாவது 1964இலும் 1965இலும் வெளிவந்தவற்றில், கொடிய எதிர்நாயகனாகத் தோன்றி அவர் புகழ்பெற்றிருந்தார். அரசியலில் இடதுசாரி, அவருடைய தந்தையோ போரின் இறுதிக் காலத்தில் பாசிசத் துணைப்படையில் பொறுப்பு வகித்தவர். ஒரு வீட்டிற்குள்ளேயே இத்தாலியின் பிளவு இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அன்றைய பார்வையாளர் கொடியவனாகவே பார்த்துப் பழகிய முகத்தை மென்மையான பேராசிரியருக்குக் கொடுத்தது சொலிமாவின் கூர்மையான தேர்வாகும். படம் தொடங்கும்போது அம்முகத்தில் கொடுமையின் சாயல் சிறிதும் இல்லை. பார்வையாளரின் நினைவில் மட்டும் அது மறைந்து கிடக்கிறது.

கதைப்போக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலம். பாஸ்டன் நகரில் வரலாறு கற்பிக்கும் பேராசிரியர் பிராட் ஃபிளெச்சர் நுரையீரல் நோயுற்று, பணியிலிருந்து விலகி, மாணவரிடம் விடைபெற்றுத் தெற்கே டெக்சாஸ் நோக்கிச் செல்கிறார். இது கதைக்காகப் புனைந்த வசதி அன்று. நோய்நுண்ணுயிரைக் கோக் கண்டறிந்த 1882க்கு முன்னும் பின்னும், வறண்ட காற்றை நாடி மேற்கே சென்ற காசநோயாளர் பலர். ஜார்ஜியாவைச் சேர்ந்த பல்மருத்துவரும் பிற்காலத்தில் துப்பாக்கி வீரராகப் பேர்பெற்றவருமான டாக் ஹாலிடே 1873இல் டெக்சாஸ் சென்றதும் இந்நோயின் பொருட்டே.

டெக்சாஸில், விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்படும் பென்னட் என்னும் கொள்ளையர் தலைவனைப் பேராசிரியர் காண்கிறார். இரக்கத்தால் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார். அந்த நொடியைப் பயன்படுத்தி அவன் அவரையே பிணைக்கைதியாக்கித் தப்புகிறான். ஓட முடிந்தும் பேராசிரியர் ஓடவில்லை. காயமுற்ற கொள்ளையனைப் பேணிக் காக்கிறார். இருவருக்குமிடையே ஒரு நட்பு மலர்கிறது. அவனுடைய உடல்வலிமையும் அச்சமின்மையும் அவரைக் கவர்கின்றன. அவருடைய சொல்லும் சிந்தனையும் அவனைக் கவர்கின்றன.

பின்னர் அவர் கொள்ளையர் கூட்டத்தில் சேர்கிறார். முன்னேற்றம் என்ற பெயரால் வெளியே தள்ளப்பட்டோர் மலைப்பகுதியில் அமைத்துக்கொண்ட புகலிடத்தில் வாழ்கிறார். அங்கேயே ஒரு பெண்ணை வன்முறைக்கு உள்ளாக்குகிறார். அவளுக்கு உரியவனைக் கொல்லவும் செய்கிறார். அடுத்து, தம் அறிவைக் கொண்டு ஒரு வங்கிக் கொள்ளையைத் திட்டமிடுகிறார். கூட்டத்தில் ஊடுருவியிருந்த பிங்கர்டன் துப்பறியும் நிறுவன ஆள் சிரிங்கோவின் தலையீட்டால் அத்திட்டம் குலைகிறது, பென்னட் பிடிபடுகிறான். தலைமை பேராசிரியரின் கைக்கு வருகிறது. புகலிடம் ஒரு சிறு சர்வாதிகார நாடாக மாறுகிறது. இறுதியில் ஊர்ப் பெரியோர் ஏவிய ஆயுதக் கூட்டம் அப்புகலிடத்தை அழிக்க வருகிறது. சிறையிலிருந்து தப்பிவந்த பென்னட், ஏதிலியரைக் காக்க முற்படுகிறான். பாலைவெளியில் மூவரும் எதிரெதிரே நிற்கின்றனர். சிரிங்கோவைக் கொல்லத் துணிந்த பேராசிரியரைப் பென்னட் சுட்டுக் கொல்கிறான். சிரிங்கோ அவனைக் கைது செய்யாமல் போகவிடுகிறான்.

வன்முறைக்கு உரை எழுதும் வரலாற்றறிவு

பேராசிரியரின் வீழ்ச்சியில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது, அவர் தம் கல்வியை ஒருபோதும் கைவிடவில்லை என்பதே. சினம் வந்து அறிவிழந்தவர்களைப் பற்றிய கதைகள் பல உண்டு. இவரோ தெளிந்த அறிவோடு கொடுமை செய்கிறார். ஒற்றனாக வந்த ஒருவனைச் சித்திரவதை செய்யும் இடத்திலும் அவர் விரிவுரையாளராகவே பேசுகிறார். தனியொருவன் செய்யும் வன்முறை குற்றமெனப்படும். பெருந்திரள் செய்யும் வன்முறை வரலாறெனப்படும் என்பது அவர் கண்டடைந்த கோட்பாட்டின் சாரம்.

இக்கோட்பாட்டில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பேரரசுகளின் படையெடுப்பைப் பாடநூல்கள் எவ்வாறு எழுதுகின்றன என்பதை அறிந்தோர் அதனை எளிதில் மறுத்துவிட இயலாது. வரலாற்றாசிரியர் ஒருவர் கண்டிக்கும் நோக்கோடு சொல்லவேண்டிய அக்கூற்றை, ஃபிளெச்சர் அனுமதிச் சீட்டாக மாற்றிக்கொள்கிறார். கொடுமையை விளக்கப் பயன்படும் அதே சொற்களால் கொடுமையை நியாயப்படுத்தவும் முடியும் என்பதை இப்படம் காட்டுவதுபோல் காட்டிய வணிகப் படங்கள் மிகச் சில.

1931: ஒரு கையொப்பத்தின் வரலாறு

இத்தாலியப் பார்வையாளருக்கு இது தொலைதூர டெக்சாஸ் கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது. 1925இல் பாசிச அறிவாளர்களின் அறிக்கை வெளிவந்தது. அதனை வரைந்தவர் ஜியோவன்னி ஜெந்திலே. சிறந்த மெய்யியலாளர், முசோலினியின் முதற் கல்வி அமைச்சர். அதே ஆண்டு மே மாதத்தில் பெனதெத்தோ குரோச்சே எதிர் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 1931 ஆகஸ்டில், பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு உறுதிமொழி அளிக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ 1,200 பேராசிரியர்களுள் வெளிப்படையாக மறுத்தோர் பன்னிருவர் அளவினரே. உரோமானிய வரலாற்றறிஞர் கயெத்தானோ தெ சாங்க்திஸ், கணித மேதை வித்தோ வொல்தெர்ரா, செமித்திய மொழியறிஞர் ஜோர்ஜியோ லெவி தெல்லா வீதா ஆகியோர் அவர்களுள் சிலர்.

கையொப்பமிட்டோர் அனைவரும் கொடியவர் அல்லர். குடும்பத்தைக் காக்க இட்டவர் உண்டு. பதவியில் இருந்தால்தான் மாணவரைக் காக்க முடியும் என்று கருதி இட்டவரும் உண்டு. ஆயினும் 1938இல் இனச்சட்டங்கள் வந்து யூதப் பேராசிரியர்கள் வெளியேற்றப்பட்டபோது, காலியான இருக்கைகளை நிரப்ப ஆளில்லாமற் போகவில்லை. போருக்குப் பின் 1946இல் வழங்கப்பட்ட பொதுமன்னிப்பு பழைய கணக்குகளை முடித்துவைத்தது. ஆகவே, கற்றோர் என்ன செய்தனர் என்னும் வினா விடையின்றியே 1960களுக்குள் வந்து சேர்ந்தது. ‘நேருக்கு நேர்’ வெளிவந்த 1967ஆம் ஆண்டின் இறுதியில்தான் தூரின் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றித் தம் பேராசிரியர்களின் அதிகாரத்தை வினவத் தொடங்கினர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இந்தியவியலும் இவ்வினாவுக்குள் அடங்கும்

இவ்வரலாற்றில் இந்தியவியலுக்கும் இடமுண்டு. உறுதிமொழியை மறுத்தோருள் ஒருவர் மிலான் பல்கலைக்கழக மெய்யியற் பேராசிரியர் பியெரோ மார்த்தினெத்தி. அவருடைய முதல் நூல் இந்தியாவின் சாங்கிய மெய்யியல் பற்றியதாகும். பதவியை இழந்த அவர், பியெமோந்தே மாநிலத்தில் இருந்த தம் பண்ணைக்குச் சென்று எழுத்துப் பணியைத் தொடர்ந்து, 1943இல் மறைந்தார். பணியைத் துறந்து நாட்டுப்புறம் சென்றதில் அவரும் ஃபிளெச்சரைப் போன்றவரே. சென்றபின் நிகழ்ந்தது முற்றிலும் வேறு.

மறுபக்கத்தில், ரோம் பல்கலைக்கழக வடமொழிப் பேராசிரியர் கார்லோ ஃபோர்மீக்கியும் புகழ்பெற்ற திபெத்தியவியலறிஞர் ஜியுசெப்பே தூச்சியும் 1925இல் முசோலினி அரசின் ஆதரவோடு சாந்திநிகேதன் சென்றனர். இத்தாலிய நூல்களின் பெருந்தொகுதி ஒன்று அரசின் கொடையாக அங்குச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு தாகூர் இத்தாலிக்கு வந்தார். அவர் சொற்களைப் பாசிச இதழ்கள் தமக்குச் சாதகமாக வெளியிட்டன. பின்னர் சுவிட்சர்லாந்தில் ரோமன் ரோலந்தையும் நாடு கடந்து வாழ்ந்தோரையும் சந்தித்து உண்மை நிலையை அறிந்த தாகூர், 1926 ஆகஸ்டில் ஆங்கில நாளிதழ் வாயிலாகப் பாசிசத்தைக் கண்டித்துத் தம் நிலையைத் தெளிவுபடுத்தினார். புகழ்மிக்க ஒருவர் தம்மைச் சுற்றிப் பின்னப்பட்ட வலையை உலகறியக் கிழித்தெறிந்த செயல் அது. தூச்சியோ 1933இல் ஜெந்திலேயுடன் இணைந்து ரோமில் கீழைநாட்டு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவருடைய ஆய்வுகளின் பெறுமதியை யாரும் மறுப்பதற்கில்லை. அப்பெறுமதியும் அவர் ஏற்ற அரசாதரவும் ஒரே வாழ்வில் அருகருகே இருந்தன என்பதையே நாம் மறவாதிருக்க வேண்டும்.

கள்வனின் மீட்சி

பென்னட்டின் மாற்றத்திற்குப் படம் எந்த அறவுரையையும் காரணமாகக் காட்டவில்லை. அவன் நூல் கற்கவில்லை, துறவியைச் சந்திக்கவில்லை. விலங்கோடு கிடந்தபோது ஒரு மனிதர் தண்ணீர் கொடுத்தார். காயமுற்றுக் கிடந்தபோது தப்பியோடாமல் உடனிருந்தார். அவன் பெற்ற பாடம் அவ்வளவே. அப்பாடம் அவனுள் மெல்ல வேலை செய்கிறது. தன்னால் துன்புற்றோரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறான். பார்த்தபின் முன்போல் சுட முடியவில்லை. படத்தின் தலைப்பிலுள்ள ‘முகம்’ இங்குதான் பொருள் பெறுகிறது.

ஃபிளெச்சரின் பயணம் இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. தண்ணீர் கொடுத்த நாளில் அவர் கண்டது ஒரு முகம். நாள் செல்லச் செல்ல அவர் காண்பது திரள், ஆற்றல், வரலாறு முதலிய பெருஞ்சொற்களை. பெருஞ்சொற்களுக்கு முகமில்லை. ஆதலால் அவற்றின் பெயரால் எதையும் செய்ய இயலுகிறது. கற்பித்தவரிடம் அழிந்துபோன பாடம் கற்றுக்கொண்டவனிடம் பிழைத்திருக்கிறது என்பதே இப்படத்தின் கட்டமைப்பு என்று நாம் கருதுகிறோம். இறுதியில் பென்னட் சுடுவது தன் ஆசிரியரை. அவரிடம் முதன்முதலில் பெற்றதைக் காக்கவே அவரைச் சுட நேர்கிறது. அம்மீட்சிக்குப் பரிசேதும் இல்லை. நாடும் வீடும் நண்பனும் இன்றிப் பாலைவெளியில் அவன் தனியே செல்கிறான்.

இவ்வகைமையின் ஏனைய படங்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை புலப்படும். அவற்றில் நாயகன் குறைவாகப் பேசுவான்; பழி தீர்ப்பதே அவன் பெறும் நிறைவு. இப்படத்தில் துப்பாக்கியைவிட உரையாடல் மிகுதி. வொலோந்தே பாத்திரத்தின் மாற்றத்தைச் சிறு சிறு படிகளாகக் காட்டுவதால், எந்தப் படியில் எல்லை கடந்தது என்று பார்வையாளரால் எளிதில் சுட்ட முடிவதில்லை. குறையும் உண்டு. வன்முறைக்கு உள்ளான பெண்ணின் உள்ளத்தைப் படம் போதிய அளவு வினவவில்லை. அவள் பேராசிரியரின் வீழ்ச்சியைக் காட்டும் கருவியாகவே நின்றுவிடுகிறாள். முகங்களைப் பற்றிய படத்தில் இது சிறிய குறையன்று.

சிரிங்கோ: பெயரில் உறையும் வரலாறு

துப்பறிவாளனின் பெயர் புனைவன்று. சார்லஸ் சிரிங்கோ (1855–1928) டெக்சாஸில் இத்தாலியத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்தவர். மாடு மேய்ப்பவராக வாழ்ந்து, 1885இல் தன்வரலாறு எழுதி, பின்னர்ப் பிங்கர்டன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1890களின் தொடக்கத்தில் ஐடஹோ மாநிலச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் மாற்றுப் பெயரில் ஊடுருவி, அதன் செய்திகளை முதலாளிகளுக்கு அறிவித்தவரும் அவரே. 1915இல் அவர் தாம் பணியாற்றிய நிறுவனத்தையே கடுமையாகச் சாடி நூல் எழுதினார். திரைப்படச் சிரிங்கோவின் கதை உண்மைச் சிரிங்கோவின் வாழ்வைத் தழுவியதன்று. எனினும், கடமையை ஒருகணம் நிறுத்திவிட்டுப் பென்னட்டைப் போகவிடும் பாத்திரத்துக்கு, பிற்காலத்தில் தம் பணியைத் திரும்பிப் பார்த்த ஒருவரின் பெயர் அமைந்திருப்பது பொருத்தமே.

படம் முன்னோக்கியும் பேசியது

பாசிச அறிவாளரை மட்டும் மனத்திற்கொண்டு இப்படத்தைப் படிப்பது போதாது. 1970இல் தோன்றிய ‘செம்படையணி’ என்னும் ஆயுதக் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான ரெனாத்தோ குர்ச்சோ, திரெந்தோ பல்கலைக்கழகச் சமூகவியல் மாணவராக இருந்தவர். வன்முறையை வரலாற்றின் பெயரால் விளக்கும் மொழி இப்போது இடப்பக்கத்திலிருந்து ஒலித்தது. 1978இல் அக்குழு கடத்திக் கொன்ற முன்னாள் தலைமையமைச்சர் ஆல்தோ மோரோ, தாமும் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1986இல் வெளிவந்த படமொன்றில் மோரோவாக நடித்தவர் வொலோந்தே. கொல்லும் பேராசிரியராகவும் கொல்லப்படும் பேராசிரியராகவும் ஒரே நடிகர் தோன்றிய அவ்விடைவெளி பத்தொன்பது ஆண்டுகள்.

முடிவுரை

மானுடவியல் கல்வி மனிதரைத் தானாகவே பண்படுத்திவிடாது என்பதை இப்படமும் அதன் பின்னுள்ள வரலாறும் ஒருசேர உணர்த்துகின்றன. அதே வேளையில், கல்வி வீண் என்ற முடிவுக்கும் அவை இட்டுச்செல்லவில்லை. மார்த்தினெத்தியும் தெ சாங்க்திஸும் கற்றவர்களே. தாகூரும் கற்றவரே, தம் சொல் கொடியோருக்குத் துணைபோவதை அறிந்ததும் அவர் வாளாவிருக்கவில்லை. அறிந்தபின் திரும்புவது கற்றவருக்கும் இயலும். ஃபிளெச்சர் அதைச் செய்யவில்லை.

இப்படத்தை 1931 உறுதிமொழி பற்றிய பாடத்தோடு இணைத்து மேல்நிலை வகுப்புகளில் பயன்படுத்தலாம். தமிழில் கற்பிப்போருக்கு இதில் தனியொரு வாய்ப்பும் உண்டு. இக்கதையைத் தமிழில் சொல்ல முற்பட்டவுடன் பேராசிரியரை ‘அவர்’ என்றும் கொள்ளையனை ‘அவன்’ என்றும் நம் மொழி பிரித்துவிடுகிறது. இக்கட்டுரையிலும் இறுதிவரை அப்பிரிவை மாற்றாமலே வைத்திருக்கிறோம். கதையை மாணவரிடம் கொடுத்து, எந்த நிகழ்ச்சியில் ‘அவர்’ என்பதை ‘அவன்’ என்றும், எந்த நிகழ்ச்சியில் ‘அவன்’ என்பதை ‘அவர்’ என்றும் மாற்றுவீர்கள் எனக் கேட்கலாம். விடைகள் ஒன்றுபோல் அமையமாட்டா. ஒவ்வொரு மாணவரும் தாம் தேர்ந்த இடத்துக்குக் காரணம் கூறும்போது, பட்டத்தையும் பதவியையும் விடுத்துச் செயலைக் கொண்டு மனிதரை அளக்கும் பயிற்சி அவ்வகுப்பில் தொடங்கியிருக்கும்.